விட்டுச் செல்லுதலும் கைவிடுதலும்

மருத்துவக் கல்வி ஒரு புறம், சிறுவர்களுக்குச் சித்திரக்கதை வரையும் தொழில் மறு புறம். இரண்டையும் ஒருசேரச் சுமக்க இயலாத மகன் ஒருவன், எதை விடுவது என்று தன் தாயிடம் கேட்டான். எது அதிக வருமானம் தரும் என்று அத்தாய் திருப்பிக் கேட்கவில்லை. எதை ஊரார் மதிப்பர் என்றும் கேட்கவில்லை. இவ்விரண்டில் உன் மனம் உண்மையாகவே விரும்புவது எது என்று மட்டும் கேட்டார். சித்திரக்கதைதான் என்றான் மகன். அப்படியானால் அதையே செய் என்று சொல்லி அனுப்பிவைத்தார் தாய்.

இது கற்பனையன்று. ஜப்பான் நாட்டுச் சித்திரக்கதையின் தந்தை எனப் போற்றப்படும் ஒசாமு தெசூகா தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதிவைத்த நிகழ்ச்சி. அத்தாயின் துணிவை நாம் வியக்கிறோம். ஆனால் வியந்த மறுகணமே நம்முள் ஒரு நெருடலும் எழுகின்றது. விருப்பம் ஒன்றே போதுமா? நோயாளிகளுக்கு உதவக்கூடிய ஒரு கல்வியைக் கற்று முடித்தவன், "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்லி எழுந்து போய்விடலாமா? அவன்மீது பிறருக்கு உரிமை ஏதும் இல்லையா? பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பங்குக் குருக்களிடம் பேச வரும் பெற்றோர் பலரின் உள்ளத்திலும் இக்கேள்வி வெவ்வேறு வடிவில் இருக்கக் காண்கிறோம். எனவே தெசூகாவின் வாழ்வை முன்வைத்து இதைச் சற்றே ஆழ்ந்து சிந்திப்பது பயனுடையது.

குணமான கைகள்

தெசூகா 1928-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் ஒசாகாவுக்கு அருகிலுள்ள தொயொனாகாவில் பிறந்தார். தகராசுகா என்னும் ஊரில் வளர்ந்தார். இளமையில் அவரை ஈர்த்தவை இரண்டு: பூச்சிகள், படங்கள். வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்துவந்து, அவற்றை நுணுக்கமாக வரைந்து, தாமே கைப்பட நூல்களாகத் தொகுத்தார். தம் பெயரை எழுதும்போது 'பூச்சி' என்னும் பொருளுடைய எழுத்து ஒன்றையும் அதனோடு சேர்த்துக்கொண்டார். தந்தை வீட்டிலேயே சிறிய திரைப்படக் கருவியொன்றை வைத்திருந்தமையால், டிஸ்னியின் கார்ட்டூன் படங்களையும் சாப்ளினின் படங்களையும் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அறிவியலாளனுக்குரிய கூர்ந்த பார்வையும் கலைஞனுக்குரிய கற்பனையும் ஒரே சிறுவனிடம் ஒன்றோடொன்று பகையின்றி வளர்ந்தன.

போர்க்காலத்தில் அவருடைய இரு கைகளிலும் கடுமையான தோல் நோய் பரவியது. கைகளையே வெட்டி எடுக்க நேரிடலாம் என்ற அச்சம் சூழ்ந்திருந்த நிலையில், மருத்துவர் ஒருவர் அவரைக் குணப்படுத்தினார். தாமும் மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அந்த நன்றியுணர்விலேயே பிறந்தது. 1945 ஜூன் மாதத்தில் ஒசாகா நகரின்மீது குண்டுகள் பொழிந்தபோது, தொழிற்சாலையொன்றில் கட்டாயப் பணியில் இருந்த அவர், கண்காணிப்புக் கோபுரத்தின் மேலே நின்றிருந்தார். மயிரிழையில் உயிர் தப்பினார். எரிந்து கிடந்த உடல்களைக் கடந்து வீடு திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் போர் முடிந்தது. அன்றிரவு ஒசாகாவில் மீண்டும் விளக்குகள் எரியக் கண்டபோது, 'நான் உயிரோடிருக்கிறேன்' என்ற மகிழ்ச்சி தம்மை நிறைத்ததாகவும், தம் படைப்புகள் அனைத்திற்கும் அந்த உணர்வே அடித்தளம் என்றும் அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார்.

போர் முடியும் தறுவாயில், ஒசாகாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவப் பிரிவில் அவர் சேர்ந்தார். போர்க்காலத் தேவைக்காக மருத்துவர்களை விரைவாக உருவாக்கத் தொடங்கப்பட்ட பிரிவு அது. சேர்ந்த சில மாதங்களிலேயே, 1946 ஜனவரியில், சிறுவர் நாளிதழ் ஒன்றில் அவருடைய நான்கு கட்டச் சித்திரத் தொடர் வெளிவரத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 17. 1947-இல் வெளிவந்த 'புதிய புதையல் தீவு' என்ற நூல் நான்கு இலட்சம் படிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. பகலில் உடற்கூறு வகுப்பு, இரவில் சித்திரக்கதை என ஆண்டுகள் நகர்ந்தன. தாயின் கேள்வி எழுந்தது இந்த ஆண்டுகளில்தான்.

எளிதில் தள்ளிவிட இயலாத மறுப்பு

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தை நேர்மையோடு எடுத்து வைப்போம். அக்காலத்து ஜப்பான் வறுமையிலும் நோயிலும் துவண்டு கிடந்தது. 1950 வரை அந்நாட்டில் மிகுதியான உயிர்களைப் பறித்துவந்த நோய் காசநோயே. மருத்துவர் ஒருவரின் உழைப்பு பல குடும்பங்களைக் காக்கும். அத்தகைய நாட்டில், பொதுமக்களின் செலவில் நடந்த கல்லூரியில், வேறொருவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தில் அமர்ந்து கற்ற ஒருவர், குழந்தைகளுக்குப் படம் வரையப் போவது முறையா?

சித்திரக்கதை என்பது அன்று மதிப்புள்ள கலையாகவும் கருதப்படவில்லை. 1955-ஆம் ஆண்டையொட்டி, தீய நூல்களை ஒழிப்போம் என்று பெற்றோரும் ஆசிரியரும் இயக்கம் நடத்தினர். சித்திரக்கதை நூல்கள் தீக்கிரையாக்கப்பட்டன. தெசூகாவின் படைப்புகளும் கண்டனத்துக்குத் தப்பவில்லை. மருத்துவரின் வெள்ளை அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, ஊரார் குப்பை என ஒதுக்கியதைக் கையிலெடுத்தார் அவர்.

நம் திருச்சபையின் போதனையும் இம்மறுப்புக்கு வலுவூட்டுவதுபோல் தோன்றும். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, தன் உலகக் கடமைகளைப் புறக்கணிக்கும் கிறிஸ்தவன் அயலாருக்கு ஆற்றவேண்டிய கடமையையே புறக்கணிக்கிறான் என்று எச்சரிக்கின்றது. தாலந்து உவமையில், பெற்றதைப் புதைத்து வைத்த பணியாளனுக்கு நேர்ந்ததையும் நாம் அறிவோம். கற்ற மருத்துவத்தைப் பயன்படுத்தாமல் விடுவது தாலந்தைப் புதைப்பது ஆகாதா?

ஆகலாம். ஆனால் அவ்வுவமையை நாம் பெரும்பாலும் பாதியளவே வாசிக்கிறோம் என எண்ணத் தோன்றுகிறது. அங்கே தலைவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் திறமைக்கு ஏற்பவே தாலந்துகளை ஒப்படைக்கிறார். ஆகவே, நமக்குத் தரப்பட்டது எது என்பதை முதலில் உண்மையோடு அறிந்தாக வேண்டும். நம்மிடம் இல்லாத ஒன்றை இருப்பதாக எண்ணி வாணிகம் செய்யப் புகுந்தால், இழப்பு நமக்கு மட்டுமன்று, நம்மை நம்பி வருவோருக்கும் உண்டு.

தன்னை அறிதல்

தாயின் சொல்லுக்கு முன்பே தெசூகாவின் பேராசிரியர் ஒருவர் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார். இப்படியே நீ மருத்துவனானால் நல்ல மருத்துவனாக மாட்டாய், நோயாளிகள் உன்னால் உயிரிழக்கவும் கூடும், எனவே சித்திரக்கதையாளனாகவே போய்விடு என்பது அதன் சாரம். கேட்பதற்குக் கடுமையான சொல். ஆயினும் அதில் ஓர் அறநெறி அடங்கியிருக்கிறது. மருத்துவம் அதைச் செய்பவரின் பெருமைக்காக உள்ள தொழிலன்று, நோயாளியின் நலனுக்காக உள்ளது. முழுமனத்தோடு செய்ய இயலாதவர், மதிப்பின் பொருட்டோ பெற்றோரின் ஆசையின் பொருட்டோ அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தியாகம் என்று சொல்வதற்கில்லை. நோயாளிக்கு இழைக்கும் அநீதியாகவும் அது மாறக்கூடும்.

புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மப் பயிற்சிகள்' நூலில் மனிதரின் தெரிவுகளை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். திருமணம், குருத்துவம் போன்றவை ஒருமுறை ஏற்றபின் மாற்ற முடியாதவை. ஏனையவை மாற்றத்தக்கவை. தொழில் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. எனினும் மாற்றத்தக்கது என்பதற்காக மனம்போன போக்கில் மாற்றிக்கொள்ள அவர் இசைவு தரவில்லை. ஒழுங்கான முறையில், தன்னலப் பற்றுக்கு இடங்கொடாமல் எடுத்த தெரிவாயின், அதை மீண்டும் கிளறாமல் அதிலேயே நிறைவடைய முயலவேண்டும். அவ்வாறு எடுக்கப்படாத தெரிவாயின், அதை மறுபடி ஆராய்ந்து சீர்செய்வதே நலம் என்கிறார்.

ஆராய்வதற்கு வழிகளையும் அவர் தருகிறார். முன்பின் அறியாத ஒரு மனிதர் இதே சிக்கலோடு உன்னிடம் வந்தால், அவருடைய முழு நன்மையை நாடி என்ன அறிவுரை கூறுவாய்? அதையே நீயும் செய். நீ மரணப் படுக்கையில் இருப்பதாக எண்ணிப் பார். அந்த வேளையில் எந்த முடிவை எடுத்திருக்க வேண்டும் என்று விரும்புவாய்? அதையே இன்று எடு. இவ்விரு சோதனைகளும் நம் கண்ணை மறைக்கும் இரு திரைகளை விலக்குகின்றன. முதலாவது, நம்மைப் பற்றிய செல்லம். மற்றது, ஊரார் என்ன சொல்வார்களோ என்னும் அச்சம்.

தெசூகா கிறிஸ்தவர் அல்லர். இஞ்ஞாசியாரின் முறையை அவர் பின்பற்றினார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தாயின் கேள்வியும் பேராசிரியரின் கண்டிப்பும் ஒன்றுசேர்ந்து, அவரைத் தம்மைப் பற்றிய உண்மையின்முன் நிறுத்தின. ஒருவர் அன்போடு கேட்டார், மற்றவர் கண்டிப்போடு உரைத்தார். அன்பு மட்டும் இருந்திருந்தால் அவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். கண்டிப்பு மட்டும் இருந்திருந்தால் மனமொடிந்து போயிருக்கலாம்.

விருப்பமும் உழைப்பும்

தாய் கேட்டது விருப்பத்தைப் பற்றி. விருப்பம் என்ற சொல்லை நாம் இன்று மிக மலிவாக்கிவிட்டோம். கடினமானதை விட்டு எளிதானதற்கு ஓடுவதையும் விருப்பம் என்றே அழைக்கிறோம். தெசூகா செய்தது அதுவன்று. சித்திரக்கதையில் புகழ்பெற்ற பின்னரும் அவர் மருத்துவப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடவில்லை. பயிற்சியை முடித்தார். 1952-இல் தேசிய மருத்துவத் தேர்வில் தேறினார், 1953-இல் மருத்துவராகப் பதிவும் பெற்றார். 'ஆஸ்ட்ரோ பாய்' என்று உலகம் அறிந்த எந்திரச் சிறுவனின் கதைத் தொடர் தொடங்கியதும் அதே 1952-இல்தான். தொடங்கியதை முடித்துவிட்டு வெளியேறினார். தாம் துறந்தது இன்னதென்று முழுமையாக அறிந்த பின்னரே துறந்தார்.

அதன்பின் அவர் தேர்ந்த பாதை எளியதாகவும் இல்லை. வாழ்நாளில் ஏறத்தாழ 700 படைப்புகள், 1,50,000 பக்கங்கள் வரைந்தார் எனக் கணக்கிடுகின்றனர். எந்தக் கைகளை மருத்துவர் ஒருவர் காப்பாற்றிக் கொடுத்தாரோ, அந்தக் கைகள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓய்ந்திருக்கவில்லை. உழைப்பின் பளுவைத் தாங்கி நிற்கிறதா என்பதே விருப்பத்தின் உண்மைக்கு உரைகல் என இதிலிருந்து அறியலாம். இறைவனின் அழைத்தலும் அவ்வாறே. இனிமையில் தொடங்குவதால் மட்டும் ஒன்று அழைத்தல் ஆகிவிடாது. இனிமை வற்றிய நாள்களிலும் அது நம்மை நிலைத்திருக்கச் செய்ய வேண்டும்.

கடன் தீர்த்த கதை

இப்போது நம் கேள்வியின் மையத்துக்கு வருவோம். மருத்துவம் அவருக்கு ஒரு கடனைத் தந்திருந்தது. அவர் கைகளைக் குணப்படுத்திய கடன் அது, கல்வி தந்த கடனும் கூட. தொழிலை விட்டதோடு அந்தக் கடனும் கழிந்துவிட்டதா?

கழிந்துவிட்டதென அவர் எண்ணவில்லை. சித்திரக்கதை உலகின் உச்சியில் இருந்த காலத்தில், 1961-இல், நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றார். நத்தை இனம் ஒன்றின் விந்தணு உயிரணுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியே ஆராய்ந்து எழுதிய ஆய்வு அது. பணத்துக்காகவோ பதவிக்காகவோ அவருக்கு அப்பட்டம் தேவைப்படவில்லை. பூச்சிகளை வரைந்த சிறுவன் நுண்ணோக்கியை மறக்கவில்லை என்பதே அதன் பொருள் எனக் கொள்ளலாம்.

பின்னர்ச் சோதனைக் காலம் வந்தது. அவர் தொடங்கிய கார்ட்டூன் பட நிறுவனம் 1973-இல் நொடித்துப்போனது. கடன் அழுத்தியது. புதிய தலைமுறை ஓவியர்கள் முன்னே வந்துவிட, தெசூகாவின் காலம் முடிந்தது என்ற பேச்சும் எழுந்தது. மருத்துவத்தைவிட்டு வந்தது தவறு என்று சொல்வோர் சொல்லத்தக்க வேளை அது. அந்த ஆண்டிலேயே அவர் 'பிளாக் ஜாக்' என்ற தொடரைத் தொடங்கினார். உரிமம் இல்லாத ஓர் அறுவை மருத்துவர், தழும்பேறிய முகத்தோடு, செல்வரிடம் பெருந்தொகை கேட்டு, ஏழையிடம் சில வேளை ஒன்றுமே பெறாமல், பிறர் கைவிட்ட நோயாளிகளைக் காக்கும் கதை. சிறுவனாக இருந்தபோது வெடிவிபத்தில் சிதைந்த அவருடைய உடலை ஒட்டிச் சேர்த்து உயிர் தந்தவர் ஹொன்மா என்னும் முதிய மருத்துவர். குணமடைந்த சிறுவனே மருத்துவனாகிறான். தெசூகாவின் கைகள் குணமான கதையின் எதிரொலி இதில் கேட்கவில்லையா?

அத்தொடரின் ஒரு கதையில் ஹொன்மா முதுமையில் சாகக் கிடக்கிறார். மாணவர் குற்றமற்ற முறையில் அறுவை செய்தும் உயிர் நிற்கவில்லை. உயிரின் மீது மனிதன் முழு அதிகாரம் கொள்ள நினைப்பது செருக்கு என்னும் உண்மை அங்கே வாசகர் உள்ளத்தில் பதிகிறது. மருத்துவத்தின் பெருமையையும் எல்லையையும் இவ்வளவு தெளிவாகச் சிறுவர்க்கும் உணர்த்தியவர் மருத்துவமனையில் பணிபுரியாத ஒரு மருத்துவர். அக்கதைகளைப் படித்தே மருத்துவராகத் துணிந்தோம் என்று கூறும் மருத்துவர்கள் ஜப்பானில் உள்ளனர். தாம் நிரப்பாமல் விட்ட இடத்தை அவர் இவ்வாறு பிறரைக்கொண்டு நிரப்பினார்.

அதே நாட்டில் வாழ்ந்த இன்னொருவரையும் இங்கே நினைவுகூர்வது பொருத்தம். நாகசாகி மருத்துவக் கல்லூரியில் கதிரியக்க மருத்துவராயிருந்த கத்தோலிக்கர் தகாஷி நாகாய் தம் பணியால் விளைந்த இரத்தப் புற்றுநோயோடு போராடியவர். 1945 ஆகஸ்டு 9-இல் அணுகுண்டில் மனைவியை இழந்தவர். படுக்கையில் வீழ்ந்த பின் அவர் எழுதினார், படங்களும் வரைந்தார். 'நாகசாகியின் மணிகள்' என்ற அவர் நூல் துயருற்ற மக்களுக்கு ஆறுதலாயிற்று. 1951-இல் இறைவனடி சேர்ந்தார். நாகாய் மருத்துவத்தை விடவில்லை. நோய்தான் அவரை அதிலிருந்து பிரித்தது. தெசூகா தாமே பிரிந்தார். காரணங்கள் வேறாயினும் இருவர் கையிலும் எழுதுகோல் நோயுற்ற மாந்தருக்கான பணியையே தொடர்ந்தது.

ஆகவே, ஒரு தொழிலை விட்டுச் செல்லுதல் வேறு, அத்தொழில் நம்மீது வைத்த பொறுப்பைக் கைவிடுதல் வேறு. முன்னதற்கு மனிதருக்கு உரிமை உண்டு. பின்னதற்கு இல்லை. கற்றதை வேறொரு வடிவில் அயலாருக்குத் திருப்பித் தருகிறவர் தாலந்தைப் புதைத்தவர் ஆகார்.

வெற்றி அளவுகோலாகாது

ஓர் எச்சரிக்கையும் தேவை. தெசூகா வென்றார், எனவே அவர் முடிவு சரி என்று வாதிடுவது தவறு. அவர் பெயர் எவருக்கும் தெரியாமல் போயிருந்தால் அவர் முடிவு பிழையாகிவிடுமா? உண்மையோடு ஆராய்ந்து, பெற்ற கடனை மறவாமல், முழு உழைப்பையும் தரும் உறுதியோடு எடுக்கப்பட்ட முடிவு, உலகின் கண்ணில் தோற்றாலும் அறத்தின் கண்ணில் தோற்றதன்று. அவ்வாறு எடுக்கப்படாத முடிவு கோடி ஈட்டினாலும் குறையுடையதே.

அவர் குறையற்றவரும் அல்லர். 1963-இல் தொலைக்காட்சிக்குக் கார்ட்டூன் தொடரை மிகக் குறைந்த விலைக்குத் தந்தார். அதன் சுமை பின்வந்த ஓவியத் தொழிலாளரின் குறைந்த ஊதியமாக விடிந்தது என்ற குற்றச்சாட்டு அவர்மீது இன்றும் உண்டு. தம் உடலையும் அவர் பொருட்படுத்தவில்லை. விரும்பிய பணி என்பதற்காக அதில் நீதியும் அளவும் வேண்டாம் என்று ஆகிவிடாது. விருப்பம் மனிதரை உந்தும், ஆனால் அவரை நெறிப்படுத்துவது மனச்சான்று.

1989 பிப்ரவரி 9-ஆம் நாள், 60-ஆம் வயதில், இரைப்பைப் புற்றுநோயால் அவர் இறந்தார். அக்காலத்து ஜப்பானிய வழக்கப்படி நோயின் பெயர் அவரிடம் சொல்லப்படவில்லை. மருத்துவம் கற்ற அவர் எவ்வளவு உணர்ந்திருந்தாரோ, இறைவனே அறிவார். மருத்துவமனைப் படுக்கையிலும் வரைந்துகொண்டிருந்தார். வேலை செய்ய விடுங்கள் என்று கேட்டதே அவருடைய இறுதிச் சொல் என்பர். முடியாத தொடர்கள் சில எஞ்சின. இத்தாலிய அரசுத் தொலைக்காட்சி நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளைக் கார்ட்டூன் படங்களாக்கும் பணியையும் அவர் தொடங்கிவைத்திருந்தார். 26 பகுதிகள் கொண்ட அத்தொடரை அவர் மறைவுக்குப் பின் அவருடைய குழுவினர் முடித்தனர்.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ ஒருநாள் இத்தகைய குழப்பத்தோடு உங்கள்முன் வந்து நிற்கலாம். அன்று அத்தாயின் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள்: உன் மனம் உண்மையாக விரும்புவது எது? ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். அந்த விருப்பத்துக்காக எவ்வளவு உழைக்க அணியமாயிருக்கிறாய் என்றும், இதுவரை பெற்றதை யாருக்கு, எவ்வாறு திருப்பித் தரப்போகிறாய் என்றும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைக்குமாயின், அஞ்சாமல் ஆசி கூறி அனுப்புங்கள். விடை கிடைக்காவிடில் அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். தெசூகாவும் மருத்துவத் தேர்வை எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்தவரே.